பிள்ளை வளர்ப்பான்

ஏழு மாதக் குழந்தையின் வாயிலிருந்து இவ்வளவு எச்சில் வரும் என்று மங்கைக்கு அன்றுவரை தெரியாது.

நர்ஸ் துடைத்த பஞ்சைக் கூடையில் போட்டுவிட்டுத் திரும்புவதற்குள் மிதுனாவின் மோவாய் மறுபடியும் நனைந்திருந்தது. மூக்கில் சளி. மூடிய கண்களின் ஓரத்தில் நீர். ஏசி ஓடும் அறையில் அந்தச் சின்ன நெற்றியில் மட்டும் வியர்வை. மாற்றி வைத்த டயப்பரின் நாற்றம் டெட்டால் வாடையையும் மீறி வந்து முகத்தில் அறைந்தது. மங்கை வாயால் மூச்சு விட்டாள்.

"நேத்து இதைவிட மோசம். மருந்து ஏற ஏறக் குறையுது" என்றார் டியூட்டி டாக்டர். டார்ச்சை அடித்துக் குழந்தையின் இமையைத் தூக்கிக் காட்டினார். "கண்மணியைப் பாருங்க."

கசகசா அளவுக்குச் சுருங்கியிருந்தது.

"பூச்சி மருந்து. சந்தேகமே இல்ல. ரத்தத்துல இருக்க வேண்டிய ஒரு என்சைம் அடிமட்டத்துல கிடக்குது. ஒரே மடக்குல குடுத்த மாதிரி தெரியல. கொஞ்சம் கொஞ்சமா உள்ள போயிருக்கு. எச்சில் ஒழுகுதேன்னு கேட்டா பல் முளைக்குதுன்னு எல்லாரும் சும்மா இருந்திருக்காங்க."

வெளியே வராந்தாவில் குழந்தையின் அம்மா சுகாசினி சுவரில் சாய்ந்து நின்றிருந்தாள். தலை வாரி இரண்டு நாள் ஆகியிருக்கும். கையில் முடிச்சுப் போட்ட ஒரு பிளாஸ்டிக் பை.

"போலீஸ் ஜெயம்மாவைப் புடிச்சிக்கினு போயிட்டாங்க மேடம். பாப்பாவைப் பாத்துக்கறதுக்கு ஓரிக்கையிலருந்து வர்றவங்க. அவங்க வூட்டுல பூச்சி மருந்து பாட்டில் இருந்துச்சாம். கத்தரிச் செடிக்கு அடிக்கறதுன்னு சொல்றாங்க, யாரும் நம்பல. இன்னிக்குச் சாயந்திரம் மாஜிஸ்திரேட் முன்னாடி நிறுத்தறாங்க."

"நீங்க நம்பறீங்களா?"

"என் புள்ளை என்கிட்ட தூங்காது, அவங்க மடியில தூங்கும். அவங்க செய்யல."

"உங்க வீட்டுக்காரர் என்ன சொல்றார்?"

"அவர்தான் கம்ப்ளெயின்ட் குடுத்தாரு." சுகாசினி பையை நீட்டினாள். "பாப்பா வாயில படற சாமான் எல்லாம் இதுல இருக்குது. பால் பாட்டில், சத்து மாவு, கடிக்கற ரப்பர் பொம்மை. அப்பறம் அட்மிட் பண்றப்ப நர்ஸு கழட்டிக் குடுத்த கொலுசு, அரைஞாண், வசம்பு வளையல். அதெல்லாம் அவர்கிட்டதான் இருந்துச்சு, நேத்து வாங்கி வெச்சேன். எதுல விஷம் இருக்குதுன்னு கண்டுபுடிங்க. ஜெயம்மாவை வெளிய கொண்டாங்க."

தனியார் துப்பறிவாளர் மங்கையின் உதவியாள் துரைக்கண்ணு பையை வாங்கிக்கொண்டான். ஐந்து வருடங்களுக்கு முன்புவரை பஸ் ஸ்டாண்டில் நின்று வெளியூர்க்காரர்களைப் பட்டுப் புடவைக் கடைகளுக்கு ஓட்டிக்கொண்டு போன தரகன் அவன். போலி ஜரிகையையும் போலி மனிதர்களையும் தூரத்திலிருந்தே அடையாளம் சொல்லுவான். அன்று காலை அவன் ஒரு ஜோக்கும் அடிக்கவில்லை. படி இறங்கிய பிறகுதான் வாயைத் திறந்தான்.

"மேடம், காலையில ரெண்டு இட்லி உள்ள போச்சு. ரெண்டும் வெளிய வர்றதுக்குப் பெர்மிஷன் கேக்குது."

"எனக்கும்தான். ஆட்டோவை எடு."

*

சின்ன காஞ்சிபுரத்தில் ஸ்ரீவல்லியின் வீட்டுக்கும் அவள் உயிர்வேதியியல் சொல்லிக்கொடுக்கும் கல்லூரிக்கும் நடுவே ஒரு தெருதான். லேபில் அவளைத் தவிர யாரும் இல்லை. மங்கையும் அவளும் பள்ளியில் ஒரே பெஞ்ச். அந்த உரிமையில் மங்கை காலையிலேயே குழந்தையின் ரத்தத்தில் சில சொட்டுகளை டாக்டரிடம் கேட்டு வாங்கி அனுப்பியிருந்தாள்.

பையில் இருந்த ஒவ்வொரு சாமானையும் தனித்தனியாக நீரில் ஊற வைத்து, அந்த நீரைச் சின்னக் குழாய்களில் விட்டு, ஸ்ரீவல்லி வரிசையாக நிறுத்தினாள்.

"இதுல இருக்கற சிவப்பணு என்னோடது" என்று கையில் ஒட்டியிருந்த பிளாஸ்திரியைக் காட்டினாள். "சிவப்பணு மேல ஒரு நொதி, டாக்டர் சொன்ன என்சைம், உக்காந்திருக்கு. அதே ஜாதி நொதிதான் நரம்புலயும் இருக்கு. நரம்பு, 'வாயே ஊறு, கண்ணே கலங்கு'ன்னு சொல்லும். சொன்ன வேலை முடிஞ்சதும் குழாயை மூடறது இந்த நொதி. பூச்சி மருந்து போய் இது மேல ஏறி உக்காந்துட்டா குழாய் மூடாது. பூச்சிக்கும் அதான் நடக்கறது, குழந்தைக்கும் அதான் நடக்கறது."

மங்கைக்கு அந்த நனைந்த மோவாய் ஞாபகம் வந்தது.

"நொதி நன்னா இருந்தா இந்தக் குழாய் மஞ்சளாகும். இல்லைன்னா வெளுத்துப்போய் நிக்கும். பாத்துண்டே இரு."

பால் பாட்டில் மஞ்சளாயிற்று. சத்து மாவு மஞ்சள். ரப்பர் பொம்மை, கொலுசு, அரைஞாண் எல்லாம் பளிச்சென்று மஞ்சள். கடைசிக் குழாய் மட்டும் சோகை பிடித்தாற்போல மங்கலாக நின்றது.

"இது?"

"வசம்பு வளையல்."

கறுத்த வேரைத் துண்டு துண்டாக நறுக்கி, கருமணி சேர்த்துக் கோத்த வளையல். காற்றுக் கருப்பு அண்டாது, வயிற்று வலி வராது என்று ஊரில் கைக்குழந்தை உள்ள வீட்டில் எல்லாம் இருக்கும். குழந்தை அதைச் சப்பிக்கொண்டேயிருக்கும்.

"அவ்ளோதான், கேஸ் முடிஞ்சுது" என்றான் துரைக்கண்ணு. "இதுக்குப் பிள்ளை வளர்ப்பான்னு பேரு. ராத்திரியில வசம்புன்னு பேர் சொல்லவே எங்கம்மா பயப்படும். அதுல போய் விஷம் வெச்சிக்கிறானே பாவி."

"அவசரப்படாதே" என்றாள் ஸ்ரீவல்லி. "வசம்புக்குள்ளயே இயற்கையா ஒரு சரக்கு இருக்கு. அதுவும் இந்த நொதியைச் சித்த சீண்டும். ஆனா அது விருந்தாளி. வந்து உக்காரும், எழுந்து போயிடும். பூச்சி மருந்து அப்படி இல்லை. வாடகைக்கு வந்து வீட்டையே எழுதி வாங்கிண்டவன். எது வந்திருக்குன்னு கழுவிப் பாத்தா தெரிஞ்சுடும்."

சிவப்பணுக்களை உப்பு நீரில் கழுவி, சுழலும் எந்திரத்தில் சுற்றி, மறுபடியும் கழுவினாள். மறுபடியும் அதே சோதனை. வளையலின் குழாய் மெல்ல மெல்ல மஞ்சளாகி, மற்றக் குழாய்களோடு சேர்ந்துகொண்டது.

"விருந்தாளி போயாச்சு. இந்த வளையல் நிரபராதி. இப்போ குழந்தையோட ரத்தத்தைப் பாரு. இதையும் அதே மாதிரி கழுவினேன்."

அந்தக் குழாய் வெளுத்தே நின்றது.

மங்கை நாற்காலியில் சாய்ந்தாள். குழந்தையின் உடம்பில் இருப்பது போகாத விஷம். வாயில் படும் சாமான் எதிலும் அந்த விஷம் இல்லை. அப்படியானால் பழி நேராக ஜெயம்மாளின் கையில்தான் போய் நிற்கும். ஜெயம்மாளைப் பிடித்துப்போன இன்ஸ்பெக்டர் தேவராஜன் இதைக் கேட்டால் சந்தோஷமாகக் கோப்பை மூடிவிடுவார்.

"அய்யோ, சீ!" துரைக்கண்ணு மேஜையிலிருந்து துள்ளி விலகினான்.

ஊற வைத்து எடுத்த வளையலின் ஒரு வசம்பு மணியிலிருந்து மாவு போல ஏதோ உதிர்ந்தது. அதன் பின்னால், எள்ளுக்குக் கால் முளைத்தாற்போல ஒரு பழுப்பு வண்டு நனைந்த உடம்போடு வெளியே வந்து, இப்படியும் அப்படியும் பார்த்துவிட்டு மேஜைமேல் நடக்க ஆரம்பித்தது. மணிகளை உற்றுப் பார்த்தால் ஊசியால் குத்தினாற்போல எங்கும் துளை. துளைக்குள் இன்னும் ஏதோ நெளிந்தது. இதைத்தானா ஒரு குழந்தை வாயில் வைத்துக்கொண்டிருந்தது?

"பூச்சியை விரட்டற வசம்புலயே பூச்சி குடித்தனம் நடத்துதே மேடம்! ரேஷன் கார்டுகூட வெச்சிக்கினு இருக்கும் போல."

"பழைய வேர்ல காரம் போயிடும். இந்த வண்டு மிளகாயையே திங்கும்" என்றாள் ஸ்ரீவல்லி.

மங்கை வண்டைப் பார்த்தாள். பிறகு கையுறையை மாட்டிக்கொண்டு வளையலை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து ஒவ்வொரு மணியாகத் திருப்பினாள். துளை, துளை, துளை. துளையைத் தவிர ஒன்றுமே இல்லை.

"துரை, குழந்தைக்குப் பல் இருந்ததை நீ பார்த்தியா?"

"கீழ ரெண்டு. அரிசி மாதிரி. வாயைத் தொறக்கறப்ப பாத்தேன்."

"பல் முளைக்கிற குழந்தை கையில கிடைச்சதையெல்லாம் நறநறன்னு கடிக்கும். அந்த ரப்பர் பொம்மையைப் பாரு, காதையே பிய்ச்சு வெச்சிருக்கு. இந்த வளையல்ல ஒரு பல் தடம் காட்டு பார்ப்போம்."

துரைக்கண்ணு குனிந்து பார்த்தான். நிமிர்ந்தபோது முகம் மாறியிருந்தது.

மங்கை சுகாசினிக்குப் போன் செய்து, குழந்தையின் சமீபத்திய படங்கள் இருந்தால் அனுப்பச் சொன்னாள். காரணம் சொல்லவில்லை. அடுத்த நிமிடமே வாட்ஸப்பில் வந்து விழுந்தன. காமாட்சியம்மன் கோயில் குளத்தருகே, பட்டுப் பாவாடையில், வளையல் கையை வாய்க்குள் திணித்துக்கொண்டு சிரிக்கும் மிதுனா. மங்கை படத்தைப் பெரிதாக்கினாள். மணிகள் வழவழவென்று மின்னின. ஒரு துளைகூட இல்லை.

"வளையலை மாத்திட்டாங்க" என்றாள் மங்கை. "நர்ஸ் கழட்டினது வேற. நம்ம கைக்கு வந்தது வேற."

"நடுவுல அது யாருகிட்ட இருந்துச்சு?"

இரண்டு பேருக்குமே பதில் தெரிந்திருந்தது. பெற்ற அப்பனிடம் என்று சொல்லத்தான் வாய் கூசியது.

*

கோயிலுக்குப் போகும் வழியில் இருந்தது 'வேர்க்கொடி இயற்கையகம்'. மூங்கில் தட்டி, மண்பானை, பச்சை எழுத்தில் பெரிய பலகை. 'பூச்சிக்கொல்லி இல்லை. ரசாயனம் இல்லை. தாய் மனசு மட்டுமே.'

சுகாசினியின் கணவன் வேல்முருகன் கல்லாவில் உட்கார்ந்திருந்தான். தென்னேரிப் பக்கத்து விவசாயக் குடும்பம். நான்கு வருடத்தில் ஊரில் பெயர் எடுத்துவிட்டான். கதர்ச் சட்டை, கழுத்தில் உத்திராட்சம். பெற்ற குழந்தையை முந்தாநாள் ஆஸ்பத்திரியில் சேர்த்தவன் என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள்.

மங்கையை அவன் பார்த்ததில்லை. துரைக்கண்ணு முன்னால் போனான்.

"அண்ணே, கருப்பட்டி நல்லா இருக்குமா?"

"உடன்குடி சரக்குப்பா. வாயில போட்டுப் பாரு."

கருப்பட்டி தாம்பாளத்தில் மூடாமல் குவிந்திருந்தது. பக்கத்தில் நாட்டுச் சர்க்கரை, தேன் பாட்டில்கள். ஒரு பாட்டிலின் கழுத்தில் தேன் வழிந்து தரைவரை கோடு போட்டிருந்தது. துரைக்கண்ணு கருப்பட்டியைக் கையில் எடுத்தான், முகர்ந்தான், எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டான்.

மங்கையின் காதருகே வந்து சொன்னான்: "மேடம், இது வெயில் காலம். எங்க வூட்டு சர்க்கரை டப்பாவைப் பூட்டி வெச்சாலும் எறும்பு சாவி போட்டுத் தொறக்குது. இங்க இவ்ளோ இனிப்பு தொறந்து கெடக்குது. ஒரு எறும்பு காட்டுங்க. ஒரு ஈ?"

மங்கை சுற்றிலும் பார்த்தாள். இல்லை. அரிசி மூட்டையில் வண்டு இல்லை, பயறில் துளை இல்லை, கூரை மூலையில் பல்லிகூட இல்லை. கடை முழுக்க மூலிகை வாசனை. அதற்கு அடியில், மூக்கை ஊன்றினால் மட்டும் தெரிகிற மாதிரி, பூச்சி மருந்தின் அழுகின பூண்டு வாடை லேசாக ஓடிக்கொண்டிருந்தது.

கண்ணாடி ஜாடி நிறைய வசம்பு வளையல்கள். எல்லாம் வழவழ, எல்லாம் முழுசு.

அப்போது இளம்பெண் ஒருத்தி தோளில் கைக்குழந்தையோடு உள்ளே வந்தாள். வேல்முருகன் எழுந்தான். ஜாடிக்குள் கையை விட்டு ஒரு வளையலை எடுத்தான். "கையைக் குடு கண்ணு" என்று குழந்தையைக் கொஞ்சி, அந்தப் பிஞ்சு மணிக்கட்டில் தானே கட்டி முடிச்சுப் போட்டான். குழந்தை உடனே கையை வாய்க்குக் கொண்டுபோயிற்று.

"சப்பட்டும்மா, நல்லதுதான்" என்றான் வேல்முருகன்.

அந்தச் சிரிப்பை மங்கையால் பார்க்க முடியவில்லை. புழுத்த வளையலைப் பார்த்தபோது குமட்டியது. இந்தச் சுத்தமான கை அதைவிடக் குமட்டியது.

அந்தப் பெண் தெருவில் இறங்கியதும் துரைக்கண்ணு பின்னாலேயே ஓடினான். "அம்மா, அம்மா! ஸ்டாக் மாறிப்போச்சு. வேற நல்லது தர்றோம். இதைக் குடுங்க."

"இப்பதானே கட்டினாரு? நீ இன்னா கடைப் பையனா?"

"ஆமாம்மா, புதுசா சேந்துக்கிறேன். மொத நாளே வேலையைக் காலி பண்ணிடாத தாயி."

அவள் முணுமுணுத்துக்கொண்டே கழற்றிக் கொடுத்தாள். மங்கை தன் தண்ணீர்ப் பாட்டிலைத் திறந்து அந்தக் குழந்தையின் கையையும் வாயையும் அங்கேயே கழுவித் துடைத்தாள். அந்தப் பெண் பயந்துபோய்க் குழந்தையை இறுக்கிக்கொண்டாள்.

"எதுக்கு மேடம் இதெல்லாம்?"

"குழந்தை நிறைய எச்சில் விட்டாலோ, வியர்த்தாலோ நேரே பெரியாஸ்பத்திரிக்குப் போங்க. இது என் நம்பர்."

அந்த வளையலோடு மறுபடியும் ஸ்ரீவல்லியின் லேப். குழாய் வெளுத்தது. கழுவினாள். வெளுத்தே நின்றது. மூன்றாம் முறை கழுவியும் வெளுப்பு போகவில்லை. ஸ்ரீவல்லி குழாயைத் தாங்கியில் வைத்துவிட்டுப் போய்க் கையைச் சோப்பு போட்டுத் தேய்த்துத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தாள்.

*

மாலை, கடைக்குள் ஐந்து பேர். இன்ஸ்பெக்டர் தேவராஜன் வாசலை அடைத்துக்கொண்டு நின்றார். மங்கை வரச் சொன்னதால் சுகாசினி ஆஸ்பத்திரியிலிருந்து நேரே வந்திருந்தாள். எதற்கு என்று அவளுக்கு இன்னும் தெரியாது.

"வேருக்குப் பூச்சி வந்திருச்சுன்னு மருந்துல முக்கி எடுத்திருக்கீங்க" என்றாள் மங்கை.

வேல்முருகன் அதிரவில்லை. பாடம் படித்துவிட்டு வந்தவன் மாதிரிப் பேசினான். "மேடம், வசம்பே ஒரு விஷம்தான். நொதியைத் தடுக்கும்னு ஆராய்ச்சியே இருக்குது. நெட்ல போட்டுப் பாருங்க. இயற்கையில இருக்கறதுக்கு நான் இன்னா பண்ண முடியும்?"

"படிச்சிருக்கீங்க. பாதியில விட்டுட்டீங்க. இயற்கையில இருக்கறது கழுவினா போயிடும். உங்க ஜாடியில இருக்கறது போகல. உங்க குழந்தை ரத்தத்துல இருக்கறதும் போகல."

சுகாசினி புருஷனைப் பார்த்தாள். "இன்னா சொல்றாங்க?"

"உளர்றாங்க."

"நர்ஸ் கழட்டிக் குடுத்த வளையலை என்ன செஞ்சீங்க?" என்றாள் மங்கை. "அதுல உங்க பொண்ணோட பல் பதிஞ்சிருந்திருக்கும். எங்களுக்கு வந்தது யாரும் கடிக்காத வளையல்."

வேல்முருகனின் கழுத்து நரம்பு துடித்தது. பிறகு குரலை இறக்கினான். "சார், டாக்டரு பூச்சி மருந்துன்னதும் எனக்குப் பகீர்னு ஆயிடுச்சு. நம்ம கடை பேரு கெட்டுடுமேன்னு மாத்திட்டேன். தெரியாம நடந்துபோச்சு. குடோன்ல வேலை செய்யறவன் எதுலயோ முக்கிட்டான் போல. எனக்கே அன்னிக்குத்தான் தெரியும்."

தேவராஜன் தலையாட்டினார். நடக்கக்கூடிய கதைதான். மங்கையும் மதியம்வரை அப்படித்தான் நினைத்திருந்தாள். பயந்தவன், கோழை, ஒரு ஆயாம்மாவை ஜெயிலுக்கு அனுப்பித் தன் பெயரைக் காப்பாற்றிக்கொண்டவன், அவ்வளவுதான் என்று. ஆனால் அந்த வண்டு அவளை விடவில்லை.

கைப்பையிலிருந்து மூடிய டப்பாவை எடுத்தாள். உள்ளே துளை விழுந்த வளையல். "இந்தக் கடையில பூச்சி அரிச்ச பொருள் ஒண்ணுகூட இல்லை. எல்லாம் மருந்துல குளிச்சது. அப்போ மாத்தி வைக்கறதுக்கு இது உங்களுக்கு எங்கேயிருந்து கிடைச்சது?"

வேல்முருகன் டப்பாவை வாங்கக் கையை நீட்டினான். மங்கை தரவில்லை.

பதில் சுகாசினியிடமிருந்து வந்தது. டப்பாவையே பார்த்துக்கொண்டு, தனக்குத்தானே சொல்லிக்கொள்வது போலச் சொன்னாள்.

"இது எங்க சாமி ரூம் டப்பாவுல இருக்கறது."

"சுகா, நீ கம்முனு இரு."

"பாப்பாவுக்குன்னு தனியா ஒரு தகர டப்பாவுல வெச்சிருந்தாரு. கடையில இருந்து எடுக்காத, பாப்பாவுக்கு இதுதான் கட்டணும்னு சொல்வாரு. நம்ம நெலத்துல மொதமொதல்ல வெளைஞ்சது, அதான் ஆசையா சொல்றாருன்னு நெனைச்சேன்." அவள் மூச்சு வாங்கினாள். "ரெண்டு வாரத்துக்கு முன்னாடி பாப்பா கையில இருந்த வளையல்லருந்து மாவு கொட்டுச்சு. ஒரு வண்டு அவ உள்ளங்கையில ஊருச்சு. எனக்கு ஒரே அருவருப்பாப் போச்சு மேடம். அறுத்துக் குப்பையில போட்டுட்டு, கடைக்கு வந்து இந்த ஜாடியிலருந்து அழகா ஒண்ணு எடுத்துக் கட்டினேன். திட்டுவாருன்னு சொல்லல. நானே... நானேதான் கட்டினேன்."

துரைக்கண்ணு கண்ணாடி ஜாடியின் மூடியை இறுக்கித் திருகினான்.

மங்கைதான் அதை முடித்தாள். "அன்னிக்குத்தான் தெரியும்னீங்களே. முதல்லயிருந்தே தெரியும். தெரிஞ்சதாலதான் உங்க குழந்தைக்கு மட்டும் முக்காத வேரைத் தனியா வெச்சீங்க. ஊர்க் குழந்தைங்களுக்கு ஜாடி."

இனி பேச்சுக்கு வழியில்லை என்று புரிந்ததும் வேல்முருகன் மனைவியின் பக்கம் திரும்பினான். கண்ணில் நீர்கூட வந்துவிட்டது.

"சுகா, நீயே சொல்லு. நம்ம கொழந்தைக்கு நான் நல்லதுதானே வெச்சிருந்தேன்?"

சுகாசினி வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினாள். சாக்கடை ஓரம் குத்துக்காலிட்டு வாந்தியெடுத்தாள். இரண்டு நாளாகச் சாப்பிடாத வயிற்றிலிருந்து வெறும் பித்த நீர்தான் வந்தது. மங்கை அவள் தலையைப் பிடித்துக்கொண்டாள். பின்னால் தேவராஜன் கடைக்காரனை நடக்கச் சொல்லும் குரலும், ஷட்டர் இறங்கும் சத்தமும் கேட்டன.

*

ஸ்டேஷன் வாசலில் ஜெயம்மாள் புடவைத் தலைப்பை உதறிச் செருகிக்கொண்டு வெளியே வந்தாள். சுகாசினி அவள் காலில் விழப் போனாள். ஜெயம்மாள் பின்வாங்கினாள்.

"பாப்பா பொழைச்சிக்குமா?"

"பொழைச்சிக்கும்னு டாக்டரு சொல்லிட்டாரு ஜெயம்மா. வூட்டுக்கு வாங்க."

"வேற ஆள் பாத்துக்கம்மா." கோபமில்லாமல்தான் சொன்னாள். "நீ என்னை நம்புனேன்னு தெரியும். நல்லா இரு. ஆனா விஷம் வெச்சவள்னு தெருவே பாக்க ஜீப்புல ஏத்துனாங்க. அந்த வூட்டு வாசப்படி இனிமே எனக்கு ஆகாது."

ஓரிக்கை போகும் ஷேர் ஆட்டோவில் ஏறிக்கொண்டாள். அது திரும்பும்வரை சுகாசினி அங்கேயே நின்றாள்.

தேவராஜன் வெளியே வந்து கையை விரித்தார். "எத்தனை வித்தான், யாருக்கு வித்தான்னு கேட்டா தெரியாதுங்கறான். பில் கிடையாது. ஊர் முழுக்க எத்தனை குழந்தை கையில இருக்கோ. ஆஸ்பத்திரிக்கெல்லாம் சொல்லிட்டேன். ஆனா காலையில பேப்பர்ல வந்து, டிவில வந்து..."

"காலையில வரைக்கும் கொயந்தைங்க சப்பாம இருக்குமா சார்?" என்றான் துரைக்கண்ணு. போனை எடுத்தான். "டேய் மைக்கு, பட்டுக்கடை ஆடித் தள்ளுபடிக்குக் கட்டுவியே, அந்த ஸ்பீக்கரோட ஆட்டோவை எடுத்துக்கினு ஸ்டேஷனாண்ட வா. தள்ளுபடி எல்லாம் இல்லடா. வா, சொல்றேன்."

ஆட்டோ வந்தது. துரைக்கண்ணு முன்னால் ஏறி மைக்கைத் தட்டிப் பார்த்தான். தொண்டையைச் செருமினான். ஆயிரம் பேரை வார்த்தையிலேயே புடவைக் கடைக்குள் தள்ளியவனுக்கு அன்று முதல் வாக்கியம் வரவில்லை.

"குடுங்க" என்று சுகாசினி கையை நீட்டினாள்.

"உங்களால முடியுமா?" என்றாள் மங்கை.

"நான் சொன்னாத்தான் நம்புவாங்க. வேற யார் சொன்னாலும் போட்டிக் கடைக்காரன் கெளப்பி வுட்டான்னுவாங்க."

விளக்கு வைக்கும் நேரம். தறிச் சத்தம் அடங்கி, தெருவில் பெண்கள் குழந்தைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றிருந்தார்கள். ஸ்பீக்கர் ஒரு தடவை கீச்சிட்டு அடங்கியது.

"நான் வேர்க்கொடிக் கடை வேல்முருகன் சம்சாரம் பேசறேன். எங்க கடையில வாங்குன வசம்பு வளையலைக் கொழந்தை கையிலருந்து இப்பவே கழட்டுங்க. அதுல விஷம் இருக்குது. என் பொண்ணு அதைக் கடிச்சிட்டு ஆஸ்பத்திரியில கெடக்குது. பொய் இல்லம்மா. கழட்டிட்டுக் கையைச் சோப்பு போட்டுக் கழுவுங்க. வளையலைக் குப்பையில போடாதீங்க, எங்ககிட்ட குடுங்க."

முதலில் யாரும் நகரவில்லை. பிறகு ஒரு வீட்டிலிருந்து கத்தரிக்கோலோடு ஒருத்தி ஓடிவந்தாள். எதிர்வீட்டில் ஒருத்தி குழந்தையின் வாய்க்குள் விரலை விட்டுத் துடைத்துக்கொண்டே அழ ஆரம்பித்தாள். "நாசமாப் போறவளே, தாய் மனசுன்னு போர்டு வெச்சீங்களே!" என்று ஒரு குரல் ஆட்டோவைப் பார்த்து வந்தது. சுகாசினி தலையைக் குனியவில்லை. மங்கை கையுறையோடு பையை விரித்துப் பிடித்துக்கொண்டு வீடு வீடாக நடந்தாள்.

தெரு முடிந்தது. துரைக்கண்ணு தண்ணீர்ப் பாட்டிலை நீட்டினான். சுகாசினி வாங்கவில்லை. மைக்கைச் சற்றே விலக்கி ஆட்டோக்காரனிடம் சொன்னாள்.

"அடுத்த தெரு."